விமானிக்குக் கொடுத்த சந்தோசம்

கை தட்டினார்கள். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. விமானம் மழைக்குள் இறங்கி, ஓடுபாதையில் ஒரு மோது மோதி, மறுபடி மேலே எழும்பி, கட்டுநாயக்கா விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, இரண்டாம் முறை அதைவிட மோசமாக விழுந்து, ஒரு பக்கமாக இழுபட்டு ஓடி நின்றது. எனக்கு முன்னால் இருந்தவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில், என் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மற்ற எல்லோரும் கை தட்டினார்கள். அதிலும் எங்கள் ஆட்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள்.

எங்கள் ஆட்கள் என்று நான் சொல்வது, நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பழனிக்குப் போய்விட்டுத் திரும்பிய கூட்டத்தை. நானும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள்தான். படித்து, பதுளையில் கணக்கு டீச்சராகி, டவுனில் வீடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். விடிந்தால் பெரட்டில் பேர் பதிவு, பிறகு மலை, கொழுந்து, மாலையில் நிறுவை, அவ்வளவுதான் அவள் வாழ்க்கை. மகன் சின்ன வயதில் மூளைக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் பழனிக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதலை நிறைவேற்றுவதற்குள் மகன் கொழும்பில் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அவனுக்கே தாடி நரைக்கத் தொடங்கிவிட்டது. மலிவு விலை விமானங்கள் வந்ததால்தான் அவளால் போக முடிந்தது. அந்த ஒரு நன்மையை நான் மறுக்கவில்லை.

இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் தோட்டத்துத் தலைவர். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். கதிர்காமம், முன்னேஸ்வரம், நல்லூர் என்று வருடத்துக்கு ஒரு டிரிப் போடுவார். அதெல்லாம் வாடகை பஸ்ஸில். விமானத்தில் கூட்டிப் போவது இதுதான் முதல் தடவை. விமானம் என்பதையும் அவர் பெரிய பஸ் என்றுதான் நினைத்திருந்தார். அதில் தப்பில்லை, நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பஸ் டிரிப்புக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. புறப்படும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். டிரைவரைக் கீழே இறக்கி, முகத்தை நன்றாகப் பார்த்துத் திருநீறு பூசுவார்கள். இந்தத் திருநீறு பூசுகிற சாக்கில் அவன் குடித்திருக்கிறானா, தூங்கினானா என்பதும் தெரிந்துவிடும். பிறகு கூட்டத்தில் ஒருவரை டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைப்பார்கள். வழி முழுக்க அவருடைய வேலை டிரைவரைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான். வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும், கதை பேச வேண்டும், கொட்டாவி விட்டால் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் முதல் பொட்டலம் டிரைவருக்கு. டிரிப் முடிந்து தோட்டத்து மைதானத்தில் வந்து இறங்கியதும் ஒரு துண்டை விரித்துக்கொண்டு தலைவர் வருவார். ஆளாளுக்கு முடிந்ததைப் போட, அதை வெற்றிலையோடு டிரைவரிடம் கொடுத்து ஒரு பொன்னாடையும் போர்த்துவார். இதற்குப் பெயர் டிரைவர் சந்தோசம்.

சந்தோசம் கொடுத்தாகிவிட்டால் அந்தப் பயணத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் குறை பேசக்கூடாது. அப்புத்தளை வளைவில் பஸ்ஸைக் கொண்டுபோய் மதிலில் உரசியிருந்தாலும் சரி, வெல்லவாயவில் இறங்கிப் போய் ஒரு மணி நேரம் காணாமல் போயிருந்தாலும் சரி. வழியெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்த பொம்பளைகள்கூடத் துண்டில் போட்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். உயிரோடு வந்து சேர்ந்தோமே, கொடுத்துவிட்டுப் பிறகு பேசுவது மரியாதை இல்லை என்பார்கள். பஸ்ஸுக்கு இது பொருந்தும். வழி முழுக்க ஒருவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணித்த பிறகு வருகிற நன்றி அது.

திரும்பி வருகிற அன்றைக்கு இந்தியப் பக்கத்து விமான நிலையத்தில் விமானம் தாமதம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன், எவ்வளவு நேரம் என்று கேட்டால் பதில் கிடையாது. நாற்காலிகளில் இடமில்லாமல் எங்கள் கூட்டம் தரையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கொழும்புப் புடவை வியாபாரி ஒருவர், இந்தக் கம்பெனியில் அடிக்கடி போய் வருகிறவராம், பேச்சுக் கொடுத்தார்.

"இது வழக்கம் மிஸ். இவங்க விமானிகளுக்கு ஓய்வே குடுக்கிறதில்ல. ஒரே ஆள் காலையிலேர்ந்து போய்ப் போய் வந்துகொண்டிருப்பார். பக்கத்தில இருக்கிறது பழகுற பொடியன். பழகுறதுக்கு அவனே காசு கட்டித்தான் வாறானாம். நான் கேள்விப்பட்டதைச் சொல்றேன், உண்மை பொய் தெரியாது."

"அப்புறம் ஏன் இதுலயே போறீங்க?"

"மத்தது விலை கூட மிஸ்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் கூட்டம் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்ததற்கும் அதே காரணம்தான்.

கடைசியில் விமானிகள் இருவரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடந்தார். கண் சிவந்திருந்தது. சின்னவன் பிஸ்கட் பைக்கற்றைப் பல்லால் கிழித்துத் தின்றுகொண்டே ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனான். எங்கள் தலைவர் சட்டென்று எழுந்தார். பழனித் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே நின்ற பெண்ணிடம், "டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்மா, அவரு நல்லா தூங்குனாரான்னு கேக்கணும்" என்றார். அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காவலாளி அவரைக் கையால் பின்னுக்குத் தள்ளினான். தலைவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

பதுளை பஸ் நிலையத்தில் எங்கள் பொம்பளைகள் பஸ்ஸைப் பார்த்து ஏறுவதில்லை, டிரைவரைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். இவன் ஓட்டமாக ஓட்டுவான், அவன் போனில் பேசுவான், இன்னொருவன் பசறை ரோட்டில் முந்தப் பார்ப்பான், வேண்டாம், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நின்றுவிடுவார்கள். விமானத்தில் அதெல்லாம் கிடையாது. ஓட்டுகிறவர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார். பூட்டுவதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் அவர் தூங்கினாரா, எத்தனை தடவை பறந்துவிட்டு வருகிறார், கையில் பிடித்திருப்பது அவரா பழகுகிறவனா என்று எங்களுக்குப் பதிலாகக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறார் என்று நம்பித்தானே பெல்ட்டைக் கட்டிக்கொள்கிறோம்.

உள்ளே ஏறியதும் பழைய நூடில்ஸ் வாடையும் அதை மறைக்க அடித்த செண்ட் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. எனக்கு முன்னிருந்த இருக்கையின் பையில் யாரோ தின்று துப்பிய மாதுளை விதைகள் காய்ந்து ஒட்டியிருந்தன. பறந்த நேரம் கொஞ்சம்தான். முதல் மோதலில் அக்கா "முருகா" என்றாள். பிறகு விமானம் மேலே ஏறியது. ஏன் ஏறுகிறது என்று விமானி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழையில் இறக்க முடியாமல் திரும்பவும் மேலே தூக்குவது சரியான காரியம்தான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு நான் கோபப்படவில்லை. சொல்லாமல் விட்டதற்குக் கோபப்படுகிறேன். குழந்தைகள் கத்தின, விளக்குகள் அணைந்து எரிந்தன, ஒரு ஒலிபெருக்கி இருந்தும் ஒரு குரல் வரவில்லை. இரண்டாம் மோதலில் காற்று போன மாதிரி ஒரு சத்தம் மட்டும் அவள் வாயிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கை தட்டல். கை தட்டல் ஓய்ந்ததும் ஒலிபெருக்கிக்கு உயிர் வந்தது. எங்களோடு பறந்ததற்கு நன்றி, மீண்டும் சந்திப்போம் என்றார்கள்.

எங்கள் தலைவர் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. வாந்தி துடைக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். "டிரிப்பு நல்லபடியா முடிஞ்சிருச்சு, டிரைவர் சந்தோசம் போடுங்க" என்றபடி அவர் இருக்கை இருக்கையாக வந்தார். போட்டார்கள். இந்தியக் காசு, இலங்கைக் காசு எல்லாம் துண்டில் விழுந்தது. எங்களுக்கு முன்னால் வாந்தி எடுத்தவர்கூட வாயைத் துடைத்துக்கொண்டு போட்டார்.

விமானி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சின்னவன் வரவில்லை. உள்ளே அவன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை நான் இறங்கும்போது பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. பெரியவர் துண்டைப் பார்த்து முதலில் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிப் பணிப்பெண்ணிடம் நீட்டினார். பழனியில் வாங்கிய பொன்னாடை அவர் தோளில் ஏறியது. திருநீறு பூச மூத்தவர் ஒருவர் வேண்டுமே.

"அக்கா, நீங்கதான் பெரியவுங்க, வாங்க, வந்து பூசி விடுங்க" என்று தலைவர் கூப்பிட்டார்.

"அக்காவால நிக்க முடியலங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. நாலு பேர் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூப்பிட்டால் போகிறவள் என் அக்கா. பெரட்டில் கங்காணி கூப்பிட்டாலும் போவாள், கோயிலில் தலைவர் கூப்பிட்டாலும் போவாள். ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த ஆளின் நெற்றியில் திருநீறு பூசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளின் முகம் சிரிக்கிற மாதிரி இருந்திருக்கிறது. பணிப்பெண் படம் எடுத்துக்கொண்டாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நசுங்கியிருக்கிறது என்றார் டொக்டர். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார்.

"விழலீங்க" என்றாள் அக்கா. "ஒக்காந்துகிட்டுத்தான் இருந்தேன்."

கூடை சுமந்து சுமந்து எலும்பு மெலிந்துபோனவர்களுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி போதும் என்று டொக்டர் விளக்கினார். இடுப்புக்கு பெல்ட் போட்டார். இனிக் கூடை தூக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது என்றார். அக்கா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். அழவில்லை. லயத்துக்குப் போன பிறகுதான் அழுதாள், அதுவும் வேலை போனதற்காக இல்லை.

லயத்துப் பொதுக் குழாயடியான பீலிக் கரையில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அத்தனை பேர் போனார்கள், அத்தனை பேரும் நல்லபடியாக வந்தார்கள், இவள் ஒருத்திக்கு மட்டும் ஏன் இடுப்பு ஒடிந்தது? விரதத்தில் ஏதோ குறை. வேண்டுதலை இத்தனை வருடம் இழுத்தடித்தாள் அல்லவா, சாமி குத்தம். யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் சொல்லத் தெரிந்திருந்தது. அக்கா விரதமிருந்த நாற்பத்தெட்டு நாளும் தரையில் படுத்து, ஒரு வேளை சாப்பிட்டவள். மீன் சமைத்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

"எனக்குக் காசு கீசு ஒண்ணும் வேணாம் பாப்பா" என்றாள் என்னிடம். ஐம்பது வயதிலும் நான் அவளுக்குப் பாப்பாதான். "பிளேனு சரியா எறங்கலன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும். நான் சாமிக்கு ஒரு கொறையும் வைக்கல."

அந்த ஒரு வார்த்தையைத் தேடி நான் அலைந்தேன். முதலில் டிரிப்பில் வந்தவர்களிடம் போனேன். விமானம் எப்படி இறங்கியது என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், போதும் என்றேன். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருவர், "டீச்சர், சந்தோசம் குடுத்தாச்சுல்ல, இனிமே அதப் பேசுறது நல்லா இருக்காது" என்றார். விமானத்தில் எனக்கு மறுபக்கம் உட்கார்ந்து "ஐயோ, செத்தோம்" என்று என் கையைப் பிடித்து நகத்தால் கீறியவள், கீறல் இன்னும் ஆறவில்லை, "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க, நான் தூங்கிட்டேன்" என்றாள். தலைவரிடமும் போனேன். "நல்லாத்தான் எறங்குச்சு டீச்சர். மழ நாள்ல பிளேனு அப்பிடித்தான் எறங்கும்" என்றார். விமானத்தில் ஏறி அவருக்கு எத்தனை நாள் அனுபவம் என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன். எனக்குக் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகமாக இருந்தது. என் சொந்த ஆட்கள் மேலேயே அப்படி ஒரு அருவருப்பு வரும் என்று நான் நினைத்ததில்லை.

விமானக் கம்பெனிக்கு இணையத்தில் முறைப்பாடு எழுதினேன். உங்கள் பயண அனுபவம் எங்களுக்கு மிக முக்கியமானது என்று அடுத்த நிமிடமே பதில் வந்தது. எழுதிய ஆள் கிடையாது, இயந்திரம் போட்ட பதில். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவர்களுடைய பக்கத்தில் போய் மற்றப் பயணிகள் எழுதியிருந்ததைப் படித்தேன். எங்களைப் போலவே எத்தனையோ பேர். இறக்கிய விதத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது என்று ஒருவர். விமானிகள் வேலை நேரம் முடிந்துவிட்டது என்று இறங்கிப் போக, வேறு ஆள் வரும்வரை உள்ளேயே அடைத்து வைத்தார்கள் என்று ஒருவர். ஓட்டுகிறவர்களுக்கு என்ன பயிற்சி என்று கேட்டால் ஏன் பதில் இல்லை என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் கீழே அதே இயந்திரப் பதில், அதே சிரித்த முகப் பொம்மை. கீழே போகப் போக ஒரு படம் வந்தது. பொன்னாடை போர்த்திய விமானி, பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு என் அக்கா. எங்கள் கப்டனுக்கு மலையகத்து மக்களின் அன்பு என்று மேலே எழுதி, ஒரு இதயமும் போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அதை விரும்பியிருந்தார்கள்.

நான் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நேரில் போய்க் கேட்க வேண்டும் என்றது அக்காதான். நான் மட்டும் போகிறேன் என்றேன், கேட்கவில்லை. கொழும்புக்கு ரயிலில் போனோம். உட்கார முடியாமல் அவள் பாதி வழி ஜன்னலோரம் நின்றுகொண்டே வந்தாள். தெமோதரையில் ரயில் நின்றபோது ஒரு பையன் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான், ஒரு ஸ்டேஷன்கூட அவளால் அதில் இருக்க முடியவில்லை.

கம்பெனி ஆபீஸில் குளிர் எலும்பில் ஏறியது. கழுத்துப் பட்டி கட்டிய இளைஞன் ஒருவன் எங்களை உட்காரச் சொன்னான். அக்காவால் உட்கார முடியாது என்றேன். அப்படியா என்றான். நான் கேட்டவற்றை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அன்றைக்கு அந்த விமானி எத்தனை முறை பறந்திருந்தார்? இறக்கியது அவரா, பக்கத்தில் இருந்தவரா? விமானம் அவ்வளவு வேகமாக மோதினால் அது எங்காவது பதிவாகும் அல்லவா, அதைப் பார்த்தீர்களா?

இவை பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விடயங்கள், வெளியாட்களுக்குச் சொல்ல முடியாது என்றான் சிங்களத்தில். எங்கள் எலும்பு நசுங்குகிற விடயம் எங்களுக்குச் சொல்லக்கூடாத இரகசியம். பிறகு தன்னுடைய போனில் அந்தப் படத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினான். அம்மாவே கப்டனை வாழ்த்தியிருக்கிறாரே, நன்றாக நின்றுகொண்டும் இருக்கிறாரே, காயம் பிறகு வேறு எங்காவது ஏற்பட்டிருக்கலாம் இல்லையா என்று கேட்டான். பண்பாகத்தான் கேட்டான். அந்தப் பண்புக்கு ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது.

அக்காவுக்கு அவன் பேச்சு விளங்கியது. தோட்டத்தில் இருப்பவளுக்கு இந்த அளவு சிங்களம் தெரியும். தமிழிலேயே பதில் சொன்னாள்.

"சந்தோசம் குடுத்தது நல்லா ஓட்டுனதுக்கு இல்ல தம்பி. உசுரோட எறங்குனதுக்கு. பள்ளத்துல விழுந்து எந்திரிச்சாலும் நாங்க குடுப்போம்."

நான் மொழிபெயர்த்தேன். அழகான வழக்கம் என்றான். உள்ளே போய் மேலதிகாரிகளிடம் பேசிவிட்டு ஒரு உறையோடு வந்தான். கம்பெனி எந்தத் தவறையும் ஏற்கவில்லை, ஆனாலும் அம்மாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காக, போய் வர ஒரு இலவச டிக்கெட். பெயர் போடாமல் தருகிறோம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றான். நான் அதை அவன் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். அக்கா எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாய் என்று ரயில் நிலையம் வரைக்கும் அவளோடு சண்டை போட்டேன். "வீசுறதுக்கு மனசு வரல" என்றாள். அவளுக்கு எதையும் வீச மனசு வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போயிருந்தபோது தலைவர் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். அக்கா பலகைக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். அடுத்த டிரிப்புக்கு ஆள் சேர்க்கிறாராம், அதே கம்பெனிதானாம், இப்போது விலை இன்னும் குறைவாம். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஒங்களுக்கு ஒரு டிக்கட்டு குடுத்தாங்களாமே அக்கா. ஒங்களால போக ஏலாது. சும்மா கெடந்து நாள் முடிஞ்சு போயிரும். குடுத்தீங்கன்னா யாராவது ஏழ சாமி கும்பிட்டுட்டு வருவாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பழத்தை அவர் மடியிலேயே திருப்பி வைக்கலாம் என்று எழுந்தேன். அக்கா கண்ணால் என்னை உட்காரச் சொன்னாள்.

"எடுத்துக்க தம்பி" என்றாள். "ஒன் மகளையே அனுப்பேன். கல்யாணமாகி இத்தன வருசத்துக்கு அப்புறம் இப்பத்தானே முழுகாம இருக்கா. அவளும் பழனிக்கு நேந்துக்கிட்டான்னு சொன்னியே."

"அவளயா?" என்றார் தலைவர். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "அந்தப் பிளேன்லயா? வேணாங்கா. அன்னைக்கு நம்மள போட்ட மாதிரி போட்டான்னா வயித்துல இருக்கிற புள்ள என்னாகுறது?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடிப் போட்டான் தம்பி?"

அவர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

"இத எல்லாருக்கும் முன்னால ஒரு தடவ சொல்லு. கோயில்ல வச்சுச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"பாப்போங்கா, பாப்போம். ஒடம்பப் பாத்துக்கங்க" என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். டிக்கெட்டை எடுக்கவில்லை.

லயத்துச் சுவர் ஒரு தும்மலைக்கூட மறைக்காது. பீலி அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நேர் பின்னால். அவர் அந்தப் பக்கமாகத்தான் போனார். தண்ணீருக்கு நின்ற பெண்களில் ஒருத்தி, அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"என்னத்தச் சொல்றது" என்றார் தலைவர், உச்சுக் கொட்டிக்கொண்டு. "அன்னைக்கே நான் சொன்னேன்ல. சாமி குத்தம். வேற என்ன."

நான் அக்காவைப் பார்த்தேன். பேச்சைக் கிளப்பியது யார் என்று இத்தனை நாளாக எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. அவள் என் கையைப் பிடித்து, தன்னைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாள். வலியில் முகம் சுருங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் எடுத்தாள். மலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல், அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

"தம்பி, அந்தப் பிளேன்ல போனா ஒன் மக வயித்துப் புள்ளைக்கு ஆகாது, அன்னைக்குப் போட்ட மாதிரி போட்டுருவான்னு இப்ப எங்கிட்ட சொன்னியே. அதையும் அவுங்ககிட்ட சொல்லிட்டுப் போ."

வெளியே தண்ணீர் வாளியில் விழுந்து நிறைந்து வழிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெண் குரல், என் கையைக் கீறிவிட்டுத் தூங்கிவிட்டேன் என்று சொன்னவளின் குரல், மெதுவாகக் கேட்டது.

"ஆமாங்க, அன்னைக்கு அது சரியா எறங்கலதான்."